மருத்துவக் கவனக்குறைவுச் சட்டம்: படிக்க நினைக்கும் நர்ஸ்களும் டாக்டர்களும் கேட்பவை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைசிகிச்சை வார்டில் 22 ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். நாற்பது வயதைக் கடந்த பிறகு மருத்துவச் சட்டத்தில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் படித்தேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸ்களும் இளம் டாக்டர்களுமாகச் சிலர் கூடி, ஒரு தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கிறோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இவை படிப்பதற்கு வழிகாட்டுபவை. கையில் நோட்டீஸ் வந்திருந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். வழக்கு வந்தால் டாக்டர் மேல்தானே வரும்? எனக்கு எதற்கு இந்தப் படிப்பு?

உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். டைஃபாய்டு என்று ஒரு சிறுவன் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறான். டாக்டர் எழுதியது குளோராம்ஃபெனிகால். நர்ஸ் அப்பாவிடம் வாங்கிவரச் சொன்னதோ லாரியாகோ, அதாவது குளோரோகுயின். அதை அவர் நரம்பு வழியே செலுத்தினார். பிள்ளை அப்பாவின் கையிலேயே சரிந்தான். இதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டு, அதிலிருந்து மீளவே இல்லை. நர்ஸின் செயலுக்கு மருத்துவமனை பொறுப்பு என்றும், ஊசியைத் தானே போடாமல் நர்ஸிடம் விட்ட டாக்டரும் கவனக்குறைவாக நடந்தார் என்றும் முடிவானது. பிள்ளைக்கு 12.5 லட்சம் ரூபாய், பெற்றோர் பட்ட வேதனைக்குத் தனியாக 5 லட்சம் ரூபாய்.

இழப்பீட்டை மருத்துவமனை கட்டிவிடும், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. மருத்துவச் சிகிச்சையின்போது நடந்தால் இரண்டு ஆண்டுதான் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு "பதிவுபெற்ற மருத்துவருக்கு" மட்டும். யார் பதிவுபெற்ற மருத்துவர் என்பதையும் அந்தப் பிரிவே விளக்குகிறது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நம் பெயர் நர்ஸிங் கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறது. ஆக, ஒரே இரவு, ஒரே வார்டு, ஒரே மரணம். டாக்டருக்கு உச்சபட்சம் இரண்டு ஆண்டு, நர்ஸுக்கு ஐந்து. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அதை எதிர்த்துப் பேசவேனும் நமக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டாமா?

சிகிச்சை பலிக்காவிட்டால் அதுவே கவனக்குறைவு ஆகிவிடுமா?

ஆகாது. வழக்குத் தொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். நோயாளியிடம் உங்களுக்குக் கவனக் கடமை, அதாவது அவரைக் கவனத்தோடு நடத்த வேண்டிய பொறுப்பு, இருந்தது. அதை நீங்கள் மீறினீர்கள். அந்த மீறலால்தான் தீங்கு வந்தது. வகுப்பில் எல்லோரும் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் பல வழக்குகள் தடுமாறும் இடம் மூன்றாவது. மருந்து தாமதமானது உண்மைதான். ஆனால் நேரத்துக்குக் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? இந்தக் கேள்விக்கு மருத்துவம் தெரிந்தவரால்தான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

மீறலை எதை வைத்து அளப்பது? 1957-இல் இங்கிலாந்தில் போலம் என்பவர் தொடுத்த வழக்கிலிருந்து வந்த அளவுகோலை நாமும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மனநோய்க்கு மின் அதிர்வு சிகிச்சை கொடுத்தபோது தசைத் தளர்வு மருந்து கொடுக்கவில்லை, இடுப்பெலும்பு முறிந்தது. அக்காலத்து டாக்டர்களில் ஒரு சாரார் அந்த மருந்தைக் கொடுத்தார்கள், இன்னொரு சாரார் கொடுக்கவில்லை. துறையறிந்த, பொறுப்புள்ள ஒரு சாரார் ஏற்ற முறைப்படி நடந்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது என்று நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச்சொன்னார். பிற்பாடு இங்கிலாந்தே இதை இறுக்கியது. அந்தச் சாராரின் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்றது 1997-இன் தீர்ப்பு ஒன்று. ஆபத்துகளை நோயாளியிடம் எவ்வளவு சொல்வது என்பதை டாக்டர்களின் வழக்கம் முடிவுசெய்யாது, அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதுவே முடிவுசெய்யும் என்றது 2015-இன் மாண்ட்கோமரி தீர்ப்பு. தேர்வுக்குப் படிப்பவர்கள் போலம் வழக்கோடு நின்றுவிடாதீர்கள்.

போலீஸ் வந்து கைதுசெய்துவிடுமா?

இந்தப் பயத்தோடுதான் பாதிப் பேர் வகுப்புக்கே வருகிறார்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கை முழுதாகப் படித்தால் பயம் பாதி தணியும். 1995 பிப்ரவரி, லூதியானா. முற்றிய புற்றுநோயாளி ஒருவருக்கு இரவு 11 மணியளவில் மூச்சுத் திணறுகிறது. டாக்டர்கள் வர 20, 25 நிமிடம். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்து அறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து பொருத்துவதற்குள் மேலும் சில நிமிடங்கள் போய்விட்டன. நோயாளி இறந்தார். மகன் புகார் கொடுத்தார். டாக்டர்கள் மீது 304ஏ பாய்ந்தது.

2005 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குற்ற வழக்கை ரத்துசெய்தது. சிலிண்டர் காலியாக இருந்ததற்காக மருத்துவமனையை சிவில் சட்டப்படி பொறுப்பாக்கலாம். டாக்டரைக் குற்றவாளி ஆக்க வேண்டுமானால் கவனக்குறைவு மிக மோசமானதாக, சராசரி அறிவுள்ள எந்த டாக்டரும் செய்யத் துணியாததாக இருக்க வேண்டும் என்றது. விசாரணை அதிகாரி நடவடிக்கையைத் தொடரும் முன், கூடுமானவரை அதே துறையில் உள்ள அரசு டாக்டரிடம் பாரபட்சமற்ற கருத்தைப் பெற வேண்டும். புகார் வந்துவிட்டது என்பதற்காக வழக்கமான வேலைபோலக் கைதுசெய்யக் கூடாது.

நான் அந்தத் தீர்ப்பைப் படித்து முடித்த இரவில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. அந்தச் சிலிண்டரை கடைசியாகப் பயன்படுத்தியவர் யார்? "தீர்ந்துவிட்டது" என்று யாரிடமும் அவர் ஏன் சொல்லவில்லை? அதன்பின் படித்த தீர்ப்புகளில் எல்லாம் இதையே தேட ஆரம்பித்தேன். பெரும்பாலும் கிடைத்தது. கத்தி பிடித்த கை தவறியதைவிட, ஒருவர் அடுத்தவரிடம் சொல்லாமல் விட்டதே நிறைய இடங்களில் வழக்கின் வேராக இருந்தது.

நான் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். அங்கே எல்லாமே இலவசம். நுகர்வோர் சட்டம் எங்களைத் தொடாது என்கிறார்களே?

பாதி உண்மை. 1995 நவம்பரில் வந்த வி.பி. சாந்தா தீர்ப்புதான் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வருகிற எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றால் அது அந்தச் சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமென்றால், இலவசமாகப் பார்க்கப்பட்ட நோயாளியும் நுகர்வோரே. பதிவுச்சீட்டுக்கு வாங்கும் சிறு தொகை கணக்கில் வராது. 2019-இன் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மருத்துவம் விலக்கப்பட்டுவிட்டது என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி இல்லாவிட்டாலும் சிவில் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

அரசு என்றால் தப்பிவிடலாம் என்பவர்களிடம் நான் சென்னை எழும்பூர் வழக்கைத்தான் எடுத்துக் கொடுப்பேன். 1996 ஆகஸ்டில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். சுமார் 25 நாள் இன்குபேட்டரில் வைத்திருந்து, நல்லபடியாகத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைக்கு, அதுவும் ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குழந்தைக்கு, விழித்திரை பாதிக்கப்படலாம். மூன்று, நான்கு வாரத்தில் கண்ணைப் பரிசோதித்தால் காப்பாற்ற வழி உண்டு. பரிசோதிக்கவும் இல்லை, பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. நான்கரை மாதத்தில் தடுப்பூசிக்காகக் கொண்டுபோன இடத்தில் வேறொரு குழந்தை மருத்துவர்தான் சந்தேகப்பட்டார். அதற்குள் பார்வை போயிருந்தது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குழந்தைக்கு அப்போது வயது பதினெட்டைத் தாண்டியிருந்தது.

ஒன்றேகால் கிலோக் குழந்தையை உயிரோடு மீட்ட அதே வார்டின் நர்ஸ்களை நினைத்துப்பாருங்கள். எவ்வளவு உழைப்பு! டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி, வாய்வழியாக ஒரு வாக்கியம், அவ்வளவுதான் குறைந்தது. இந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

எதற்கு ஒப்புக்கொண்டாரோ அதற்கு மட்டும் போதும். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்ப்பதற்கு, ஒப்புதல் தந்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது அறைக்கு வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். செய்த சிகிச்சை மருத்துவ ரீதியாகத் தவறானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயதுவந்த, தெளிவான மனநிலை உள்ள பெண்ணின் உடலுக்கு வேறு யாரும் சம்மதம் தர முடியாது என்றது.

நம் ஊரில் கணவர், அண்ணன், மாமனார் என்று கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது குடும்ப மரியாதைக்கு வேண்டுமானால் இருக்கட்டும். நோயாளியின் கையெழுத்துக்கு ஈடாகாது. படிவத்தை நீட்டுவது பெரும்பாலும் நர்ஸ்தான். "டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னார், நீங்களே சொல்லுங்கள்" என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன். பதில் தெரியாமல் விழித்தால், டாக்டரை மறுபடி அழைப்பேன். சலித்துக்கொண்ட டாக்டர்கள் உண்டு. அவர்களில் இருவர் இன்று என் வகுப்புக்கு வருகிறார்கள்.

கேஸ் ஷீட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

நான் படிக்கப் போனதே அதனால்தான். அறுவைசிகிச்சை முடிந்த ஒருவருக்கு இரவில் சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. பணியில் இருந்த டாக்டரை இரண்டு முறை போனில் அழைத்தேன். அவர் வேறொரு அவசரத்தில் இருந்தார். விடியும் நேரத்தில் வந்தார். நோயாளி பிழைத்தார், ஆனால் பல மாதம் சிரமப்பட்டார். மூன்று ஆண்டு கழித்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து எழுத்துமூலக் கேள்விகள் வந்தன. "டாக்டரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள்? அது எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது?" அழைத்தது எனக்கு நினைவிருந்தது. எத்தனை மணி என்பது நினைவில்லை. பக்கம் என்று ஒன்று இருக்கவே இல்லை. வேலை முழுதையும் செய்துவிட்டு, செய்ததைச் சொல்ல ஒரு வரிகூட இல்லாமல் நின்றேன். என் வருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குடும்பத்துக்கு அன்று இரவு என்ன நடந்தது என்பதே கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. அவர்களுக்கு உரிமையான உண்மை அது.

ஆகவே நேரம் போட்டு எழுதுங்கள். யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பின்னால் சேர்க்க நேர்ந்தால், பின்னால் சேர்த்தது என்று குறித்து அன்றைய தேதியோடு எழுதுங்கள். அடித்துத் திருத்தியதும் வெள்ளை மை பூசியதும் நேர்மையாக வேலை செய்தவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். 2002-இன் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு போதாது என்பது என் கருத்து. நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு காலக்கெடு என்றாலும், தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டமே இடம் தருகிறது.

வேலையை விடாமல் எங்கே படிக்கலாம்?

பெங்களூரில் உள்ள தேசிய சட்டப் பள்ளி பல்கலைக்கழகம் மருத்துவச் சட்டம், அறவியல் இரண்டையும் சேர்த்து ஓராண்டு முதுநிலைப் பட்டயத்தைத் தொலைவழியில் நடத்துகிறது. பட்டம் பெற்றவர் யாரும் சேரலாம், பி.எஸ்சி. நர்ஸிங், பிசியோதெரபி, மருந்தியல் எதுவானாலும் சரி. மூன்று ஷிப்டில் ஓடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகைப் படிப்பைத்தான். மருத்துவமனை ஆவணம், ஒப்புதல், புகார் விசாரணை போன்றவற்றில் உடனே பயன்படும்.

எல்.எல்.பி. வேறு கணக்கு. பட்டதாரிகளுக்கு மூன்று ஆண்டு. பொதுப் பிரிவினர் பட்டப் படிப்பில் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். தபால்வழி எல்.எல்.பி.யை இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை. பாடத்துக்கு 70 சதவீத வருகை வேண்டும். நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் வகுப்பில் உட்காரலாம் என்று கிளம்பியவர்களை அறிவேன். உடம்பு தாங்காது. தூக்கமில்லாத நர்ஸ் வார்டில் இருப்பதே ஒரு ஆபத்து என்பதை நம்மைவிட யார் அறிவார்?

டாக்டராகவும் வக்கீலாகவும் ஒரே நேரத்தில் தொழில் செய்யலாமா?

முடியாது. மும்பையைச் சேர்ந்த ஒரு டாக்டர் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போராடினார். 1996-இன் ஹனிராஜ் சுலானி தீர்ப்பு, மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே வழக்கறிஞராகப் பதிவுசெய்ய இயலாது என்று முடித்துவிட்டது. சட்டம் படிக்கத் தடை இல்லை. கருப்பு அங்கி போட வேண்டுமானால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைக்க வேண்டும்.

சக ஊழியருக்கு எதிராகக் கருத்துச் சொல்லும் நிலை வந்தால்?

வரும். சட்டம் படித்தவர் என்று தெரிந்தால் கட்டாயம் வரும். 2010-இல் ஹைதராபாத் மருத்துவமனை ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில், மலேரியாவை டைஃபாய்டு என்று பார்த்திருந்தார்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து தேவையில்லை, வெளிப்படையான தவறுக்கு அது இல்லாமலே முடிவெடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். சிக்கலான வழக்குகளில் நிபுணர் இல்லாமல் நகராது. அங்கேதான் நம் துறையின் மௌனம் நோயாளியின் குடும்பத்தைக் கொல்கிறது. டாக்டருக்கு எதிராக டாக்டர் பேசமாட்டார் என்று வக்கீல்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நிபுணர் சாட்சி ஒரு பக்கத்துக்கு ஆள் இல்லை. நீதிமன்றத்துக்கு உதவ வந்தவர். கவனக்குறைவு இல்லை என்று தெளிவாக எழுதி, அநியாயமாக மாட்டிய ஒரு டாக்டரைக் காப்பதும் அதே வேலைதான். அன்றைய இரவில், கையில் இருந்த தகவலை வைத்து, சராசரித் திறமையுள்ள ஒருவர் என்ன செய்திருப்பார்? முடிவு தெரிந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதை எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள்.

தவறு நடந்துவிட்டால் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கலாமா?

இங்கிலாந்தில் 2006-இன் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்கிறது. அப்படிப்பட்ட பாதுகாப்பு நமக்கு எழுத்தில் இல்லை. அதனால் நிர்வாகங்கள் "வாயைத் திறக்காதே" என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததை நடந்தபடி, மூத்த டாக்டரும் உடன் இருக்க, அன்றே சொல்லலாம். "உங்களுக்கு இப்படி ஆனதில் எனக்கு மிகுந்த வருத்தம்" என்பது மனிதர் மனிதரிடம் பேசுவது. வாய் மூடிய வார்டிலிருந்து கிளம்பியவர்களே பிறகு ஆணையத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எதைப் படிப்பது? ஆங்கிலத் தீர்ப்பு என்றாலே மலைப்பாக இருக்கிறது.

சட்டப் பிரிவுகளில் தொடங்காதீர்கள். தீர்ப்பில் வழக்கின் சம்பவங்களைச் சொல்லும் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். அது நோயாளியின் வரலாறு போலத்தான் இருக்கும், அந்த மொழி உங்களுக்குப் பழக்கம். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசம். சில தமிழாக்கத்திலும் உண்டு. 2024-க்கு முந்தைய புத்தகம் என்றால் குற்றவியல் பிரிவு எண்கள் மாறிவிட்டன என்பதை மட்டும் கவனியுங்கள். 304ஏ இப்போது 106, நல்லெண்ணத்தோடும் ஒப்புதலோடும் செய்ததைக் காக்கும் 88 இப்போது 26.

ஜேக்கப் மேத்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மணி. வலப்பக்கம் யார், யாரிடம், என்ன சொன்னார். இரவு 11-இல் தொடங்கி எழுதிக்கொண்டே வாருங்கள். வலப்பக்கம் எங்கே காலியாக நிற்கிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.